உள்சட்டை எட்டிப் பார்த்த தெரு

போன வாரம் மருமகளை ஹால் வாசலில், கையில் ஆறிப்போன காபியும் கண்ணில் ஆறாத சந்தேகமுமாக விட்டுவிட்டு வந்தோம். பாவம், அப்படியே நிற்கிறாள். கால் வலிக்கும். வாருங்கள், முதலில் அவளை உட்கார வைப்போம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பயப்பட வேண்டாம். வீட்டில் மொத்தம் நான்கே பேர். நால்வரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிக்கிறார்கள். மகன் முதலாளி. மருமகள் துணிக்காரி, விளையாட்டில் வரும் வீராங்கனைக்கு உடை தைத்து, அதைக் காற்றில் பறக்கவிடுவது அவள் வேலை. ஊசியும் கிடையாது, நூலும் கிடையாது, எல்லாம் கணக்கு. நாத்தனார் ஓட்டக்காரி, வீராங்கனை ஓடுவது, தாவுவது, இடறி விழுவது எல்லாம் அவள் கைவண்ணம். மாமியார், நாள் முழுக்க விளையாடிப் பார்த்துக் குறை சொல்பவர். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது தெரியாமலே காலமெல்லாம் பயிற்சி எடுத்து வைத்திருந்த ஒரே பெண்மணி அவர்தான்.

வீராங்கனைக்கு மூன்று அடுக்கு உடை. உள்ளே வெள்ளைச் சட்டை. அதன்மேல் கையில்லாத கோட்டு. அதற்கும் மேலே கணுக்கால் வரை தொங்கும் பெரிய கோட்டு. மூன்றும் தனித்தனியாக ஆட வேண்டும், ஒன்றை ஒன்று துளைக்கக் கூடாது. மருமகளின் அறையில் ராஜகம்பீரமாக ஆடும் இந்த உடை, ஹாலில் இருக்கும் பெரிய மெஷினுக்கு வந்ததும் கிழிந்து நாறுகிறது. யாரோ கை வைக்கிறார்கள். யார்?

இன்று சாயங்காலம், விளையாட்டை ஊருலகத்துக்குக் கொண்டுபோகும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் நேரில் பார்க்க வருகிறார். முதலாளி சாப்பாட்டு மேஜையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கும் கிழிஞ்சா கோட்டே வேணாம். உடம்போட ஒட்டின மாதிரி ஒரே உடுப்பு, பெயின்ட் அடிச்சு விட்டுடலாம். துணி வேலைக்கு வெளிய ஆள் பாத்துக்கறேன்."

எட்டு மாத உழைப்பு போகும். அதோடு, ஜன்னலோரம் மருமகள் சண்டை போட்டு வாங்கிய நாற்காலியும் போகும்.

*

காலையில் மருமகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீராங்கனையை ஓடவிட்டாள். அடடா! கோட்டு பின்னால் விரிந்தது, திரும்பும்போது அரை வட்டம் போட்டது, நின்றதும் ஒரு நொடி தாமதித்துக் காலைத் தழுவி அடங்கியது. அந்தக் கோட்டுக்கு வரன் பார்த்திருந்தால் வாசலில் கூட்டம் வரிசை கட்டியிருக்கும்.

நேற்று அவள் ஒரு பொறி வைத்திருந்தாள். ஹால் மெஷினுக்கு அனுப்புவதற்கு முன், கோட்டின் உள்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தானை வைத்துவிட்டாள். யாராவது கோட்டை எடுத்துவிட்டு வேறு கோட்டைச் சொருகினால் பொத்தான் இருக்காது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். உளவுத் துறையே இவளிடம் டியூஷனுக்கு வர வேண்டும்.

ஹாலுக்குப் போனாள். மாமியார் ஏற்கெனவே சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, கன்ட்ரோலரை நெரித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா. உன் பொண்ணு சட்டை வெளிய தெரிய ஓடிக்கிட்டிருக்கா. வந்து பாரு."

திரையில் சந்தைத் தெரு. கூட்டத்துக்கு நடுவே வீராங்கனை ஓடுகிறாள். விலாப் பக்கத்தில் உள்சட்டை கையில்லாத கோட்டைக் கிழித்துக்கொண்டு வந்து, பெரிய கோட்டையும் துளைத்து, எட்டிப் பார்த்தது. வெள்ளை முனை ஒன்று, என்ன நடக்கிறது என்று விசாரிப்பது போல ஆடியது.

"அத்தை, கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்தறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், இவ்வளவு துணி எதுக்கும்மா? ஓடற பொண்ணுக்கு எதுக்கு மூணு உடுப்பு? குளிரா?"

"அது அழகு, அத்தை."

"அழகுதான். பாதி அழகு உள்ள இருக்கு, பாதி வெளிய இருக்கு."

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு வீராங்கனையை நிற்க வைத்து, கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புப் பொத்தான் அங்கேயே இருந்தது, சமர்த்தாக. துணியின் கனம், விறைப்பு, அடுக்குக்கும் அடுக்குக்கும் விட்ட இடைவெளி, எல்லாம் அவள் வைத்த எண்களேதான்.

யாரும் தொடவில்லை!

சாதாரண மனுஷியாக இருந்தால் இந்த இடத்தில் சந்தேகம் செத்திருக்கும். நம் மருமகளுக்கு அது எழுந்து நின்று சோம்பல் முறித்தது. தொடாமலே கெடுக்கத் தெரிந்தவள் என்றால், அவள் எவ்வளவு பெரிய கைகாரியாக இருக்க வேண்டும்! அப்படி ஒருத்திதான் இந்த வீட்டில் இருக்கிறாள்.

*

நாத்தனார் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தாள். நிஜமாகவே. ஸ்டூல் மேல் கேமராவை வைத்து, அதன் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, தன் ஓட்டத்தையே படம் பிடித்து, பிறகு அதை வீராங்கனைக்குப் புகட்டுவது அவள் வழக்கம். அந்த வீட்டுத் தரைக்கு வாய் இருந்தால் எப்போதோ வேறு வீடு பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

"நில்லு," என்றாள் மருமகள்.

"நின்னா ஓட்டம் கெட்டுடும், அண்ணி. கூடவே ஓடி வந்து கேளுங்க."

"என் கோட்டை என்ன பண்ணின?"

நாத்தனார் நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் மட்டும் மாறவில்லை.

"நான் என்ன பண்ணினேன்?"

"உனக்குத்தானே அந்தக் கோட்டு ஆகாது? கால் மறையுது, கால் மறையுதுன்னு வீட்டையே ரெண்டாக்கினது யாரு?"

"மறையத்தான் செய்யுது! முட்டி மடங்கறதுல இருந்து கட்டை விரல் தரையைத் தள்றது வரைக்கும் ஒவ்வொண்ணா செஞ்சேன். நீங்க மேல இருந்து ஒரு திரையைத் தொங்க விட்டுட்டீங்க. இப்ப அவ ஓடறாளா, சக்கரத்துல உருளறாளான்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஒத்துக்கறே!"

"எரிச்சல ஒத்துக்கறேன். திருட்டுத்தனத்த இல்ல. எனக்கு உங்க கோட்டை வெட்டணும்னா கத்தரிக்கோலை எடுத்துட்டு உங்க எதிர்லயே வந்து நிப்பேன், அண்ணி. ஒளிஞ்சு பண்ற பழக்கம் எனக்கு இல்ல."

இது உண்மை. நாத்தனாருக்கு ரகசியம் என்பது வாயில் போட்ட ஐஸ் கட்டி. அரை நிமிஷம் தாங்காது. மருமகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சந்தேகப்படுவதில் ஒரு சுகம் இருந்தது, அதை விட மனமில்லை.

"சரி, உன் மெஷின்ல ஓட்டிக் காட்டு."

ஓட்டினார்கள். கோட்டு பிரமாதமாக ஆடியது. மருமகளின் அறையில் ஓட்டினார்கள். அங்கும் பிரமாதம். ஒரே கோட்டு, ஒரே ஓட்டம், ஒரே சிவப்புப் பொத்தான்.

"அப்ப கோட்டுல ஒண்ணுமில்ல," என்றாள் நாத்தனார் மெதுவாக. "ஹால்லதான் ஏதோ இருக்கு."

இருவரும் திரும்பி ஹாலைப் பார்த்தார்கள். ஹால் எதுவும் தெரியாதது போல இருந்தது.

*

மாமியார் இதற்குள் சந்தைத் தெருவை ஏழெட்டு முறை அளந்துவிட்டிருந்தார்.

"ரெண்டு பேரும் சேந்து வர்றீங்களா? மழை வரப்போகுது."

"அத்தை, எங்கெங்க கிழியுதுன்னு சொல்லுங்க."

"சொல்றதுக்கு என்ன? சந்து பொந்துல தனியா ஓடினா ஒழுங்கா இருக்கா. சந்தைக்குள்ள நுழைஞ்சா போச்சு. கூட்டத்தைக் கண்டாலே உள்சட்டை வெளிய வந்துடுது. கூச்சமே இல்லாத சட்டை."

மருமகள் அப்படியே சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூட்டம் வந்தாலா?"

"கூட்டம் வந்தாத்தான். ஆள் குறைஞ்சா கிழியல. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி முழிக்கிறியே!"

விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். திரையில் நாம் பார்ப்பது ஒரே ஓட்டம் இல்லை. மெஷின் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் வரைந்து தள்ளுகிறது. ஒவ்வொரு படம் வரையும்போதும், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, உடைகளைக் கூப்பிட்டு வருகை எடுக்கிறது. "உள்சட்டை, உள்ளேதானே இருக்கே? கையில்லாத கோட்டு, அதுக்கு மேலதானே? பெரிய கோட்டு, எல்லாரையும் மூடியாச்சா?" கொஞ்சம் நகர்ந்திருந்தால் காதைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும்.

கூட்டம் வந்தால் மெஷினுக்கு ஆயிரம் மூக்கும் இரண்டாயிரம் காதும் வரைய வேண்டியிருக்கிறது. மூச்சுத் திணறுகிறது. படம் குறைகிறது. படம் குறைந்தால் வருகை எடுப்பதும் குறைகிறது. இரண்டு வருகைக்கு நடுவே வீராங்கனையின் தொடை ஒரு வீச்சு வீசிவிடுகிறது. உள்சட்டை அந்த இடைவெளியில் கோட்டைத் தாண்டி வெளியே குதித்துவிடுகிறது. அடுத்த முறை வாத்தியார் வந்து பார்க்கிறார். சட்டை வெளியே நிற்கிறது. சரி, இதுதான் இதனுடைய இடம் போலிருக்கிறது என்று அங்கேயே பிடித்து வைத்துவிடுகிறார்!

மருமகள் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, தலையில் கை வைத்தாள்.

"துணிக்குத் தனியா, படத்தோட சம்பந்தமில்லாம, வருகை எடுக்க வெச்சிருக்கணும். ரெண்டையும் சேத்துக் கட்டினது நான்தான். என் மெஷின் வேகமானது, அங்க ஒண்ணும் தெரியல."

"இப்ப மாத்த முடியாதா?"

"மாத்தி, மூணு அடுக்கையும் மறுபடி பழக்கணும். இன்னிக்குள்ள ஆகாது."

"ஒரு நிமிஷம்," என்றாள் நாத்தனார். மூக்கில் வேர்த்துவிட்டது அவளுக்கு. "போன மாசம் இதே தெரு, இதே கூட்டம், இதே ஹால் மெஷின். அப்ப கிழியலையே, அண்ணி?"

கிழியவில்லை. மருமகள் அன்று சந்தோஷத்தில் நாத்தனாரையே கட்டிப்பிடித்தாள். அந்த அளவுக்கு நன்றாக இருந்தது.

"வயசாயிடுச்சு மெஷினுக்கு," என்றார் மாமியார். "என்னை மாதிரி. எல்லாத்துக்கும் காரணம் தேடினா ஆகுமா?"

"ஒரு மாசத்துலயா, அத்தை?"

"எனக்கு ஒரே வாரத்துல ஆச்சு."

மருமகள் மெஷின் பக்கம் குனிந்தாள். கையை வைத்தால் தோசைக்கல் போலச் சுட்டது. கூட்டத்தை வரைவதற்கு இவ்வளவு சூடா? இது வேறு யாருக்கோ அடுப்பெரிக்கிற சூடு.

"அத்தை, விருந்தாளி வர்ற நேரம் ஆச்சு. நல்ல உடுப்பா மாத்திக்கிட்டு வந்துடுங்களேன்."

"இதுக்கென்ன குறை?"

"தோள்ல காபி கொட்டியிருக்கு."

மாமியார் எழ மனமில்லாமல் எழுந்தார். "கேமை மூடிடாதீங்க. என் ஆட்டம் பாதியில நிக்குது," என்று சொல்லிவிட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் நாத்தனார் கேமை மூடினாள்.

*

திரையில், கேமுக்குப் பின்னால் இன்னொரு ஜன்னல் திறந்திருந்தது.

அதில் இன்னொரு வீராங்கனை ஓடிக்கொண்டிருந்தாள்.

கோட்டு இல்லை. கையில்லாத கோட்டு இல்லை. உள்சட்டை இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே சாம்பல் நிற உடுப்பு, தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. மடிப்பெல்லாம் வரைந்த மடிப்பு. சட்டை என்று சொல்லிக்கொள்ள ஒரு கோடு. ஜன்னலின் அடியில் ஒரு பச்சைப் பட்டை கிட்டத்தட்டக் கடைசி வரை நிரம்பியிருந்தது. யாரோ இந்த ஓட்டத்தை முழுநீளப் படமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேமுக்குப் பின்னால் ஒளித்து, ஹால் மெஷினின் உயிரை உறிஞ்சி.

மருமகள் திரைக்கு அருகே குனிந்தாள். கோட்டைக் கிழித்தது யார் என்று ஒரு வாரமாகத் தேடினாள். கோட்டுக்குப் பதில் உடுப்பே தயாராகிவிட்டிருக்கிறது!

"இது என் ஓட்டம்," என்றாள் நாத்தனார். குரல் கீச்சிட்டது. "இந்த முட்டி என் முட்டி. இன்னும் யாருக்கும் கொடுக்காத ஓட்டம்! போன வாரம்தான் முடிச்சேன்."

"நீ வைக்கலையா?"

"அண்ணி!"

"சரி, சரி. அப்ப உங்கண்ணன்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிய பெயர் அதுதான். முதலாளி அல்லவா? கோட்டு கிழிந்தால் பெயின்ட் உடுப்பு என்று சொன்னவனும் அவன்தானே? கிழியும் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். கிழிய வைத்ததே இந்த உடுப்புதான் என்பதும் தெரிந்திருக்குமோ? மருமகளின் சந்தேகம் நாத்தனாரை விட்டு இறங்கி, கணவன் தோளில் ஏறி, காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது.

வாசலில் கார் நின்றது. முதலாளியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. விருந்தாளிகளுக்கென்று அவன் தனியாக வைத்திருக்கும் சிரிப்பு அது.

"நிறுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் நாத்தனார். மவுஸ் அவள் கையில் இருந்தது.

"படம் போயிடும். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மெஷினுக்கு மூச்சு வரும், கோட்டு நிக்கும். நிக்கும்னு நினைக்கறேன்."

"நிக்கலைன்னா? காட்ட வேற ஒண்ணும் இருக்காது."

"இருக்காது."

படிக்கட்டில் செருப்புச் சத்தம். நாத்தனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் உடுப்பில் முட்டி மடங்கியது, கெண்டைக்கால் இறுகியது, கட்டை விரல் தரையைத் தள்ளியது. அவள் செய்த ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது.

"எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க, அண்ணி."

"தெரியுது."

மருமகள் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சலாகிவிடும். அவளுடைய எட்டு மாதமும், காலையில் அவள் கள்ளி என்று முடிவு கட்டியவளின் ஆள்காட்டி விரலின் கீழ் கிடந்தது.

டிக்.

பச்சைப் பட்டை மறைந்தது. மெஷினின் இரைச்சல், அழுது ஓய்ந்த குழந்தை போல, மெல்ல அடங்கியது.

"ஏன் நிறுத்தினே?" என்றாள் மருமகள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"என்னைக் கேக்காம என் ஓட்டத்தை எடுத்திருக்காங்க. அதுக்கு. உங்களுக்காக ஒண்ணும் இல்ல." கேமைத் திரும்பத் திறந்தபடியே சொன்னாள்: "ஆனா கோட்டுக்குப் பின்னால நீளமா ஒரு வெட்டு விடணும். கால் தெரியணும்."

"எவ்வளவு நீளம்?"

"முட்டிக்கு மேல."

"முட்டி வரைக்கும்."

"சரி, முட்டி வரைக்கும்."

பெரிய நாட்டுத் தலைவர்கள் கூட இவ்வளவு சீக்கிரம் உடன்படிக்கை போட்டது கிடையாது.

*

கம்பெனி அம்மாள் உயரமானவர், அதிகம் பேசாதவர். சோபாவின் நடுவில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். மாமியார் புது உடுப்பில் வந்து கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். கேம் முதல் தெருவிலிருந்து மறுபடி தொடங்கியிருப்பதைக் கண்டதும் அவர் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"மூடினீங்களா?"

"மெஷின் சூடாயிடுச்சு, அத்தை," என்றாள் மருமகள்.

மாமியார் ஓட்டத் தொடங்கினார்.

சந்து. திருப்பம். படிகள். கோட்டு விரிந்தது, அடங்கியது. முதலாளி நகத்தைக் கடித்தான். அதோ சந்தைத் தெரு. கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியது. மருமகளுக்கு விலாவில் தானே அந்தச் சட்டையைப் போட்டிருப்பது போல ஒரு குறுகுறுப்பு. வீராங்கனை ஒரு ஆளை இடித்து, ஒரு கூடையைத் தாண்டி, நடுத்தெருவில் சடாரென்று திரும்பினாள்.

கோட்டு சுழன்றது. அதற்குள் கையில்லாத கோட்டு அரை நொடி பிந்திச் சுழன்றது. அதற்கும் உள்ளே, கழுத்தருகில், வெள்ளைச் சட்டை தன் இடத்திலேயே படபடத்து அடங்கியது. ஒரு நூல் கூட வெளியே வரவில்லை.

மருமகள் மூச்சை விட்டாள். அந்த மூச்சில் ஜன்னல் திரை ஆடியது என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

"மறுபடி திருப்புங்க," என்றார் கம்பெனி அம்மாள். மாமியார் திருப்பினார். மறுபடியும் மூன்று அடுக்கும் மூன்று விதமாக ஆடின.

"பிரமாதம்," என்றார் அந்த அம்மாள். "துணி யாரு செஞ்சது?"

முதலாளி மனைவியைக் கை காட்டினான். அவன் முகத்தில் பெருமை வழிந்தது. நடிப்பா, நிஜமா என்று மருமகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சரி, இது இருக்கட்டும். அந்த இன்னொரு வீராங்கனையைக் காட்டுங்க."

"எந்த இன்னொண்ணு?" என்றான் முதலாளி.

"ஒட்டின மாதிரி சாம்பல் உடுப்பு போட்டவ. போன வாரம் ஒரு சின்னத் துண்டு அனுப்பினீங்களே? முழுசா இன்னிக்கு இங்கயே காட்டறேன்னு சொன்னீங்க. எங்க ஆபீஸ்ல அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. உண்மையைச் சொல்லணும்னா, அதை முடிவு பண்ணத்தான் வந்தேன்."

"நான் எதுவும் அனுப்பலையே!"

முதலாளி பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். சின்னப் பொய்க்கு நுனி சிவக்கும், பெரிய பொய்க்குக் கழுத்து வரை இறங்கும். கல்யாணமான முதல் வாரத்திலேயே மருமகள் கண்டுபிடித்து, இன்று வரை அவனிடம் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் அது. அவள் எட்டிப் பார்த்தாள். இந்தக் காதும் வெள்ளை. அந்தக் காதும் வெள்ளை.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள். வீட்டில் இருப்பது நான்கே பேர்.

சோபாவின் ஓரத்தில் கன்ட்ரோலர் மெல்ல வைக்கப்படும் சத்தம் கேட்டது. மாமியார் எழுந்து, உடுப்பின் சுருக்கத்தைத் தட்டி நேராக்கிக்கொண்டார். திரையில் நின்ற வீராங்கனையை ஒரு முறை பார்த்தார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"கோட்டு நல்லாத்தாம்மா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மருமகள் கேட்டிராத வார்த்தை. கணவன் தோளில் உட்கார்ந்திருந்த சந்தேகம் இறங்கி, மாமியார் பக்கம் நடந்தது.